தொடாமல் பரிமாறப்படும்

ஓட்டலில் சாப்பிட இனிமேல் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. மேசை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கிறார்கள். போன் கேமராவை அதன் மேல் காட்டினால் சாப்பாட்டுப் பட்டியல் போனுக்குள் வந்துவிடும். ரெண்டு இட்லி, ஒரு வடை என்று விரலால் தொட்டால் உள்ளே அடுப்படியில் சீட்டு அடிக்கும். எந்த மேசை என்பது அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டாம். பில்லும் போனில், துட்டும் போனில். சென்னை, பெங்களூர் என்று பெரிய ஊர்களில் இருந்தது இப்போது திருத்தணியிலும் ஒன்றிரண்டு ஓட்டல்களுக்கு வந்திருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் சித்தூர், திருப்பதி பக்கத்திலிருந்து வருகிற ஜனங்களிடம் தெலுங்கில் பேசி ஆர்டர் எடுக்கிற வேலை மிச்சம் என்று ஒரு கல்லாக்காரர் சொன்னார்.

அப்படி ஒரு ஓட்டலின் மேசையில் கட்டத்துக்குக் கீழே இங்கிலீஷில் கான்டாக்ட்லெஸ் சர்வீஸ் என்று போட்டு, அதற்கும் கீழே தமிழில் 'தொடாமல் பரிமாறப்படும்' என்று அச்சடித்திருந்தது. அச்சகத்தில் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் தீட்டை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்திருக்காது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். சொல்லைக் கண்டால் நின்றுவிடுகிற பழக்கம் உண்டு. கியூஆர் கோடு என்பதற்கு 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்று சொல் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் காலனியில் அதற்குப் பேர் ஸ்கேன். 'ஸ்கேன் இருக்குதாண்ணா' என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர் அட்டையை நம் பக்கம் திருப்பி வைப்பார். துலங்கல் எல்லாம் பாடப் புத்தகத்தோடு சரி. ஆனால் தொடுதல், தீண்டுதல் என்கிற சொற்கள் அப்படிப் புத்தகத்தோடு நிற்கவில்லை. பழைய இலக்கியத்தில் குழந்தையின் உடம்பு நம் மேல் படுவதும் தீண்டல்தான், காற்று வந்து படுவதும் தீண்டல்தான். இன்றைய பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் ரெண்டு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. ஒன்று பாம்பு. இன்னொன்று நாங்கள்.

ஆகவே தொடாத சேவை என்பது எங்களுக்குப் புதுசு அல்ல. எங்கள் ஆயாவுக்கும் நைனாவுக்கும் ஊரில் கிடைத்த சேவை எல்லாமே அதுதான்.

நைனா கரும்பு வெட்டப் போனவர். எழுபதுகளில் அவர் இளவட்டம். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில், பேர் சொல்ல வேண்டாம், ஒரு ஊர் டீக்கடையில் முதலில் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் அது அலுமினிய கிளாசானது. அந்த கிளாஸ் கடைக்குள் இருக்காது. வெளியே பந்தக்கால் பக்கம் கூரைக் கீற்றில் செருகி வைத்திருக்கும். குடிக்க வந்தவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் ஒரு முழம் மேலேயிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடி கழுவி அதே கீற்றில் செருக வேண்டும். காசைக் கையில் கொடுக்கக்கூடாது. பலகை மேல் வைக்கணும். அதன் மேல் தண்ணியைத் தெளித்துவிட்டுத்தான் கல்லாவில் போடுவார். "சூடு பத்திக்கினு வரும் கைக்கு, கீழ வெச்சா உருண்டுடும், அப்படியே துண்டுல சுத்திப் புடிச்சிக் குடிப்போம்" என்று நைனா சொல்வார். அவமானமாக இருந்ததா நைனா என்று கேட்டால், "டீ நல்லா இருக்கும்மே அந்தக் கடையில" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இந்த ஊர்கள் எல்லாம் அப்போதுதான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தன. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகா சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லை மாறியது, பஸ்ஸில் பலகை மாறியது, பள்ளிக்கூடத்தில் எழுத்து மாறியது. கீற்றில் செருகின கிளாஸ் மாறவில்லை. அந்தப் பக்கம் மாலா, மாதிகா ஜனங்களுக்கு எப்படியோ அப்படியே இந்தப் பக்கம் எங்களுக்கும். தமிழன் என்று சொல்லி எங்களை மீட்டு வந்தவர்கள் டீக்கடை வரைக்கும் கூட வரவில்லை.

சட்டம் ரெண்டு பக்கமும் ஒன்றுதான். கடை, பொது உணவுவிடுதி, ஓட்டல் எதிலும் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றினார்கள். ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஜெயில், நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். நைனாவுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடுத்த நாள் கரும்பு வெட்டக் கூப்பிடுகிறவர்தான் அந்தக் கடைக்குச் சொந்தக்காரர்.

ஓட்டலில் சாதி என்றதும் நம் வரலாற்று ஆசிரியர்கள் ரெண்டு சம்பவம் சொல்வார்கள். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்று இருந்ததை எதிர்த்துப் பெரியார் போராடி, 1941-ல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க மறியல் நடந்தது. நடந்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. பலகைக்கு வரலாறு இருக்கிறது. கூரையில் செருகின கிளாசுக்கு வரலாறு எழுதியவர்கள் ரொம்பக் கம்மி. பலகை தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும். கிளாசைப் பார்க்கக் குனிந்து உள்ளே வர வேண்டும்.

என் காலத்தில் பிளாஸ்டிக் கப் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி, நான் சின்னப் பெண். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடலாம், கழுவத் தேவையில்லை. எங்கள் பையன்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், நவீனம் வந்துவிட்டது என்று. கேஸ் கொடுத்து அதிகாரி வந்தால் தனி கிளாஸ் எங்கே என்று காட்ட முடியாது. அங்கே கிளாசே இல்லையே. கொஞ்ச நாள் கழித்துக் கடைக்காரர் எல்லாருக்கும் பிளாஸ்டிக் கப் என்று மாற்றினார். ஊர்க்காரர்களுக்கும் அதுதான். சமத்துவம் வந்துவிட்டது என்று ஒரு வாத்தியார் சொன்னார். யாரும் யார் வாய் வைத்ததிலும் வாய் வைக்க வேண்டாம் என்று ஆனதைத்தான் அவர் சமத்துவம் என்றார். 2019 ஜனவரி 1-லிருந்து ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்தபோது சுற்றுச்சூழல்காரர்கள் எல்லாம் மகிழ்ந்தார்கள். நாங்கள், திரும்பக் கண்ணாடி கிளாஸ் வந்தால் எத்தனை வரிசையாக வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் விவசாய வேலைக்கு வந்த எங்கள் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்ததற்காக மாமியாரும் மருமகளும் வன்கொடுமைச் சட்டத்தில் கைதானார்கள். ஸ்கேன் செய்து துட்டு கொடுக்கிற காலத்தில்தான் நடந்தது.

இந்தக் கட்டம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் ஜப்பானில் டென்சோ என்ற கார் உதிரிபாகக் கம்பெனியில் மசஹிரோ ஹாரா என்பவரும் கூட இருந்தவர்களும் செய்தது. பட்டறையில் பெட்டி பெட்டியாக வருகிற பாகங்களை எண்ணுவதற்குப் பழைய கோடு போட்ட பார்கோடு போதவில்லை. ஒரே பெட்டிக்குப் பல ஒட்ட வேண்டியிருந்தது. கறுப்புக் காய், வெள்ளைக் காய் வைத்து விளையாடும் கோ ஆட்டத்தைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். மூன்று மூலையில் இருக்கிற மூன்று சதுரம்தான் அதற்குக் கண். எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் படித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியாகக் கிழிந்தோ கறைபட்டோ போனாலும் படிக்கிற மாதிரி அதைச் செய்யலாம். சாம்பார் கொட்டினாலும் கவலை இல்லை. எண்ணெய்க் கையோடு தொழிலாளிகள் புழங்குகிற இடத்துக்காகச் செய்தது என்பதால் அப்படி. கையில் அழுக்குப் படிகிற ஆட்களுக்காகப் பிறந்த சாமான், கை படக்கூடாது என்கிறவர்களின் சாமானாக எப்படி மாறியது?

கொரோனாவில் மாறியது. 2020 மார்ச் 25-லிருந்து நாடே பூட்டிக் கிடந்தது. ஜூன் 8-லிருந்து ஓட்டல்களைத் திறக்கலாம் என்று சொல்லி, அதற்கு நான்கு நாள் முன்பு மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை வெளியிட்டது. தொடாமல் ஆர்டர் எடுப்பதையும் டிஜிட்டலில் துட்டு வாங்குவதையும் ஊக்குவிக்க வேண்டும், மெனு அட்டை ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதாக இருக்கட்டும் என்றது. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களுக்கு ஒரு விதி இருந்தது. பொட்டலத்தை வாசலில் வைத்துவிட வேண்டும், வாங்குகிறவர் கையில் நேராகக் கொடுக்கக்கூடாது. படித்தபோது எனக்கு நைனாவின் பலகைதான் நினைவுக்கு வந்தது. நோய்க்காகப் போட்ட விதி என்பது தெரியாமல் இல்லை. நானும் முகக்கவசம் போட்டேன், காலனியில் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றினேன். ஆனால் ஊரில் சில பேர் அந்த மாதங்களில் எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டார்கள் என்பதையும் பார்த்தேன். 'நம்ம பெரியவங்க சும்மாவா வெச்சாங்க, எட்டி நில்லுன்னு' என்று என் காதுபடவே சொன்னார்கள். காரணம் கேட்கத் தேவையில்லாமல் எட்டி நிற்கச் சொல்ல முடிந்த காலம் அது.

பிற்பாடு விஞ்ஞானிகள் சொன்னது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பொருள்களைத் தொடுவதால் இந்த நோய் தொற்றுகிற வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. நோய் பரவியது பெரும்பாலும் காற்றில். மெனு அட்டையில் அல்ல. விஷயம் தெரிந்த பிறகும் கட்டம் போகவில்லை. சிப்பந்தி ரெண்டு பேரைக் குறைக்கலாம் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. காத்திருக்க வேண்டாம் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கும்.

கல்லூரிக்குப் போன நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலில் நானும் தோழிகளும் டிபன் சாப்பிடப் போவோம். உட்கார்ந்ததும் சிப்பந்தி வருவார். தண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி, 'எந்த ஊரும்மா?' ஊரைச் சொன்னால், 'ஊரா, காலனியா?' சும்மா கேட்கிற மாதிரிதான் இருக்கும். காலனி என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறாது. ஆனால் சட்னி ரெண்டாம் தரம் வராது. கூப்பிட்டால் காது கேட்காது. இதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது? சட்னி வைக்கவில்லை என்று தாசில்தாரிடம் மனு கொடுக்க முடியுமா? நம்மில் பல பேர் ஊரை மாற்றிச் சொல்லிப் பழகினோம். கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தோம். படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்றைக்கும் ஓட்டலில் வேகமாகச் சாப்பிடுவார்கள், கவனித்துப் பாருங்கள்.

கட்டம் ஊரைக் கேட்பதில்லை. மசால் தோசை என்று தொட்டால் மசால் தோசை. கூடுதல் சட்னி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தொட்டால் அது வந்தே ஆக வேண்டும். முதல் தடவை அந்தப் பொத்தானை நான் ரெண்டு முறை தொட்டேன். வேண்டியதற்கு மேலேயே சட்னி வந்தது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். சிப்பந்தியோடு பேசுவதில் இருக்கிற மனித உறவு போய்விட்டதே என்று பத்திரிகையில் கவலைப்பட்டு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த உறவில் அவர்களுக்குக் கிடைத்தது புன்சிரிப்பு. எங்களுக்குக் கிடைத்தது விசாரணை.

முழு விடுதலை என்றும் நினைத்துவிட வேண்டாம். யுபிஐ 2016-ல் வந்தது. துட்டு அனுப்பினால் வாங்குகிறவருக்கு நம் பேங்க் கணக்கில் இருக்கிற பேர் போய்ச் சேரும். என் பேரோடு நைனா பேரும் சேர்ந்து வரும். அந்தப் பேரைக் கேட்டால் எந்தத் தெரு என்று எங்கள் பக்கத்தில் பாதி ஆட்கள் சொல்லிவிடுவார்கள். தமிழ் உணர்வு, பகுத்தறிவு என்று வைத்துக்கொண்ட அழகான பேர்கள் எல்லாம் எங்கள் அப்பன்களுக்குக் கிடையாது, சாமி பேரின் சுருக்கங்கள்தான். சில இடத்தில் கட்டம் போன் நம்பரையும் கேட்கிறது, நம்பர் கொடுத்தால்தான் மெனு திறக்கும். பொருள் வாங்க வந்தவரிடம் நம்பரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. யார் கேட்கிறார்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாளில் வேறொன்று தெரிந்தது. அம்மாவிடம் பொத்தான் போன்தான். எழுத்தும் தெரியாது. என் போனில் திறந்த மெனு முழுக்க இங்கிலீஷ். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். "அவுங்க வந்து சொல்ல மாட்டாங்களா?" என்றாள். அம்மாவுக்கு ஓட்டலில் பிடித்ததே அதுதான். இட்லி வடை பொங்கல் பூரி சாதா ரோஸ்ட் மசாலா ஆனியன் ரவா ஊத்தப்பம் என்று மூச்சு விடாமல் சிப்பந்தி ஒப்பிப்பாரே, அதை ரெண்டு தடவை சொல்லவைத்துக் கேட்பாள். கடைசியில் இட்லிதான் வாங்குவாள். எழுத்தில்லாத ஆட்களுக்கு அந்த ஒப்பித்தல்தான் மெனு. நாட்டார் வழக்காறு என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைப் பதிவு செய்து வைத்தால் நல்லது, இன்னும் பத்து வருஷத்தில் இருக்காது.

ஆனால் அன்றைக்கு அம்மா அதிக நேரம் மெனுவைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் எலை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பதினோரு வருஷம் எலை எடுத்தவள். மலைக்குக் கீழே, இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு ஓட்டலில். கிருத்திகை நாளில் காலை ஐந்து மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்கு வருவாள். வேட்டிக்கட்டு, மஞ்சள் சேலை, காவடி, மொட்டை என்று வருகிற அத்தனை பேர் எச்சிலும் அவள் கையில். எலையை மடிக்காமல் எழுந்துபோகிறவர்கள் உண்டு. எலையிலேயே கை கழுவுகிறவர்கள் உண்டு. பிள்ளை வாந்தி எடுத்ததை எலை போட்டு மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெறுங்கைதான். வாளியில் இழுத்துப் போட்டு, மேசையை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை அதே தண்ணியில் அலசி. ரசமும் மோரும் ஊறி விரலிடுக்கு வெந்து போயிருக்கும். ராத்திரி வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாள். நாங்கள் சாப்பிடும்போது அவள் எங்களுக்குப் பரிமாற மாட்டாள், பெரியக்காவைப் போடச் சொல்வாள். "எங்கையி நாறுது" என்பாள். எங்களுக்கு எந்த நாற்றமும் தெரிந்ததில்லை. அந்த ஓட்டலில் அவளை உணவு இருக்கிற பக்கம் விட மாட்டார்கள். தண்ணி ஜக்கை எடுக்கக்கூடாது. எல்லாரும் தின்ற மிச்சத்தைத் தொடலாம், எல்லாரும் தின்னப்போவதைத் தொடக்கூடாது.

அன்றைக்கு நான் பார்த்தது இதுதான். ஆர்டருக்குக் கை கிடையாது. பில்லுக்குக் கை கிடையாது. துட்டுக்குக் கை கிடையாது. 'தொடாமல் பரிமாறப்படும்' என்று ஒட்டின அதே மேசையில் எச்சில் எலையை மட்டும் ஒரு பொம்பளை தன் வெறுங்கையால் எடுக்கிறாள். அவள் எங்கள் பக்கத்துக் காலனி. அம்மாவுக்கு அவள் அம்மாவைத் தெரியும். அந்தக் கட்டத்தில் அவளுக்கு இடமே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் போனில் நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டது. உணவு எப்படி, சேவை எப்படி, சூழல் எப்படி. ஐந்துக்கு எத்தனை. எலை எடுத்தவரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முன்னாடி சிப்பந்தியாவது இருந்தார், ஒரு கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இப்போது மேசைப் பக்கம் வருகிற ஆட்களில் பாதி குறைந்து, தட்டு வைத்துவிட்டுப் போகிற ஒடிசா, பீகார் பையன்களும் எலை எடுக்கிற எங்கள் பொம்பளைகளும்தான் மிச்சம். அவர்கள் பாஷை இவர்களுக்குத் தெரியாது.

நான் சங்கத்தில் வேலை செய்கிறவள் என்பதால் மேனேஜரிடம் பேசப் போனேன். நல்ல மனுஷன், என் வயசுதான் இருக்கும். எம்.பி.ஏ. படித்தவர்.

"எல்லாமே கான்டாக்ட்லெஸ்தான் மேடம். ஆள் கையே படாது."

"எலை?"

"அது கிளீனிங் மேடம்."

"அதுவும் கைதானே?"

"இல்ல மேடம், அது வேற."

அது வேற. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சாதியை நினைத்துச் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கை சுத்தத்தின் கணக்கில் வராது என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கிருமி வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வாடிக்கையாளரிடமிருந்து கிருமி யாருக்குப் போகிறது என்பது அதில் கேள்வியே இல்லை. கொரோனா நாட்களிலும் இதுதான் நடந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது குப்பை அள்ள வந்தவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

தொடுகையை நீக்குகிற விஞ்ஞானம் எப்போதும் மேலேயிருந்துதான் நீக்கிக்கொண்டு வருகிறது. முதலில் வாங்குகிறவர் கை, அப்புறம் விற்கிறவர் கை. 2024 மார்ச்சில் சொமாட்டோ சைவம் மட்டும் கொண்டுபோக ஒரு தனிப் படை என்று பச்சைச் சட்டை போட்டு அறிவித்தது. பொட்டலம் வாசலில் வைக்கப்படுகிறது, கை படுவதில்லை, ஆனாலும் அந்தப் பெட்டியில் முன்னாடி யார் சோறு போயிருக்கும் என்ற கவலை சிலருக்கு இருக்கிறது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையை எடுத்துவிட்டு, எல்லாரும் சிவப்புச் சட்டைதான் என்றார்கள். சட்டை நிறம்தான் மாறியது. படை கலையவில்லை.

பந்தியை நினைத்துக்கொள்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து திருத்தணி மலைமேல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. அங்கே கட்டம் கிடையாது. வரிசையில் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் குனிந்து போடுகிறார். அதே வருஷம் அக்டோபரில் மாமல்லபுரம் கோவில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவர் பெண்ணை எழுப்பி விரட்டினார்கள். அவர் பேசிய வீடியோ பரவி, அமைச்சரே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணின் சண்டை சோற்றுக்காக இல்லை. பக்கத்தில் உட்காருவதற்காக. தனித்தனி மேசை, தனித்தனி போன், தனித்தனி பில் என்று போனால் அந்தச் சண்டையை எங்கே போய்ப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விரட்டுவதற்கும் ஆள் இல்லை, எழுந்து நின்று கேட்பதற்கும் ஆள் இல்லை. மேசைக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

போன தை மாதம் எலை எடுக்கிற பெண்கள் பதினாலு பேரை, நான்கு ஓட்டல்களிலிருந்து, காலனி ரேஷன் கடைத் திண்ணையில் கூட்டினோம். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். என்ன கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது நான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அது இது என்று ஆரம்பித்தேன். அவர்கள் கேட்டது மூன்று. ஒன்று, முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, மாதத்துக்கு ரெண்டு ஜோடி, எங்க துட்டுல இல்லாம. ரெண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சட்டம் பேசுவது துணிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்காக மட்டும் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். மூன்றாவதை ஒரு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாங்க டீ குடிக்கற கிளாசு, எலை போடற தொட்டி பக்கத்துல தனியா வெச்சிருக்காங்க பாப்பா. அத மாத்தணும்."

எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா மட்டும், "எந்த ஓட்டல்லடி?" என்றாள். நாலு ஓட்டலிலும் என்றார்கள்.

எழுதிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அந்த எம்.பி.ஏ. மேனேஜர் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டார், நீல நிறம், நல்ல தடிமன். முக்காலியும் வந்தது. மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது பாத்துக்கலாம் மேடம்" என்றார். திரும்பி வரும்போது பின்பக்கமாக வந்தேன். தொட்டிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து ஒரு பலகை. பலகை மேல் ஐந்து எவர்சில்வர் கிளாஸ், கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். அவரவர் கிளாஸ் மாறிவிடக்கூடாது என்று அவர்களே கட்டிக்கொண்ட அடையாளமாம்.